சேரி மனை யாருடையது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை எங்கள் வட்டாரத்தில் கிடையாது. பள்ளி ஆண்டு விழாவானாலும் ஊராட்சித் தேர்தல் கூட்டமானாலும் குடவோலை வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் வெட்டிவைத்த சாசனங்கள் அவை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதைத் தாண்டியவரும் நிற்கக் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. கேட்கக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்தச் சாசனத்தில் கண் போய் நிற்கும் இடம் வேறு. வேலை பார்த்த காலமெல்லாம் இந்த வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். மனை, நிலம், பட்டா என்றால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு முதல் தகுதியே, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்க வேண்டும் என்பதுதான். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமணர் சபை. அந்த வரம்புக்குள் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இருக்கட்டும். ஊரில் ஒருவன் ஆளாக மதிக்கப்படுவதற்கு அடி மண் சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் கல்லில் எழுதிவிட்டார்கள். அதே உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், சாலவாக்கம் பக்கத்துச் சேரியில் பிறந்த என் பாட்டி சொல்வாள்: "கூரை நம்மளுது சாமி, அடி மண்ணு அவங்களுது."

பாட்டியின் அப்பா படியாள். மிராசுதார் களத்தில் அளந்து போடும் நெல்லுக்கு ஆண்டு முழுக்க உழைக்க வேண்டியவர். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய் கடனுக்கு அவர் கட்டுப்பட்டார். அவருக்குப் பிறகு பிள்ளை கட்டுப்பட்டான். சட்டம் என்று பார்த்தால் 1843லேயே அடிமை முறையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டுவிட்டது. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் படியாளைக் கட்டிவைத்திருந்த கயிறு வேறு இடத்தில் இருந்தது. அவன் குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் அடிக்கவே வேண்டாம். "மனையைக் காலி பண்ணு" என்ற ஒரு சொல் போதும். மூங்கிலையும் பனஞ்சட்டத்தையும் அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு எந்த ஊர் எல்லையில் போய் நிற்பான்? அந்த ஊரிலும் சேரி மனை இன்னொரு மிராசுதாருடையதாகத்தான் இருக்கும்.

இந்த மிராசு உரிமை செங்கல்பட்டு ஜில்லாவில் ஊன்றியிருந்ததுபோல் வேறெங்கும் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்ததாகத் தெரியவில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த பகுதி இது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து, ஊர்க் கணக்கர்களின் ஓலைக் கணக்குகளைத் திரட்டினார். களத்துமேட்டில் நெல் எப்படிப் பங்கு பிரிந்தது, யாருக்கு எத்தனை மரக்கால் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், 1818இல் அச்சான தம் அறிக்கையில் மிராசு உரிமையை விரிவாக விளக்கினார். கம்பெனி அதிகாரிகள் மாறி மாறி வாதாடினாலும் கடைசியில் மிராசுதாரின் முன்னுரிமை நிலைத்தது. ஊரில் தரிசு நிலம் கிடந்து, அதைக் கேட்டு வெளியாள் ஒருவன் தர்க்காஸ்து கொடுத்தால், முதலில் மிராசுதாரைக் கேட்க வேண்டும். அவர் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் மனு அத்தோடு முடிந்தது. எடுத்துக்கொண்டு அவர் பயிர் வைக்கவே வேண்டாம், நிலம் தரிசாகவே கிடக்கலாம். சேரிக்காரன் கையில் அது போகாமல் இருந்தால் போதும். சொந்த நிலம் கிடைத்துவிட்டால் மறுநாள் தன் ஏருக்கு ஆள் வராது என்பது அவருக்குத் தெரியும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பாட்டியின் அப்பா அப்போது சிறுபிள்ளை. ஏரி வெடித்தது, களம் வெறுமையாயிற்று, படியளக்க வேண்டியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள். பஞ்ச நிவாரண வேலை என்று கால்வாய் வெட்டப் போனவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும்தான் கூலி. இன்றைக்குச் சென்னையில் பக்கிங்காம் கால்வாய் என்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற நீளத்தில் ஒரு பகுதி அந்த எலும்புக்கூடுகள் வெட்டியது. மிஷன் பங்களாக்களில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். பெற்றோர் செத்துப்போன பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். பஞ்சம் முடிந்த பின் சேரி சேரியாக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள்.

எங்களைக் கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்று சொல்வார்கள். நேராகவே பதில் சொல்கிறேன். பசித்தவனுக்கு யார் கஞ்சி ஊற்றினார்களோ அவர்கள் முகத்தில் பசித்தவன் கடவுளைப் பார்த்தான் என்றால் அதில் வெட்கப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக அவன் விளைவித்த நெல்லைப் பூட்டிவைத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கஞ்சியோடு அந்தக் கதை முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பஞ்சம் தீர்ந்து மழை வந்ததும் அந்த மக்கள் திரும்பிப் போனது அதே சேரிக்கு, அதே மனைக்கு, அதே களத்துக்குத்தான்.

செங்கல்பட்டில் வேலை செய்தது ஸ்காட்லாந்து சுதந்திர சபை மிஷன். இதன் தொடக்கம் சேரியில் இல்லை. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன், ஆங்கிலக் கல்வி வழியாக மேல்சாதிப் பிள்ளைகளைத் தொட்டால் அங்கிருந்து விசுவாசம் கீழே இறங்கும் என்று நம்பியவர். சிறிது காலத்தில் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைகள் வந்தன. காஞ்சிபுரத்தில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. ஆனாலும் 1838இல் அவர் பள்ளியில் பறையர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்து, மேல்சாதிப் பெற்றோர் அவர்களை வெளியே அனுப்பச் சொன்னபோது ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பள்ளி பாதி காலியானாலும் இறங்கிவரவில்லை. அந்தக் காலத்தில் அது சிறிய காரியம் இல்லை. இருந்தாலும் மிஷனின் பணமும் ஆட்களும் அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஊருக்குள்தான் செலவாயின. சேரிக்கு நேரம் வந்தது 1880களுக்குப் பிறகு.

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ. மற்றவர் திருவள்ளூர், ஈக்காடு பக்கம் வேலை செய்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. கௌடி ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்து தீவில் பிறந்து, 1882இல் சென்னைக்கு வந்தவர். திருவள்ளூரில் இருக்கிற கௌடி பள்ளி அவர் பெயர்தான். இவர்கள் ஆத்துமாக்களைத் தேடி வந்தவர்கள். அதற்காகத்தான் சேரிக்குள்ளும் போனார்கள். போன இடத்தில் ஒன்றைக் கண்டார்கள்: எந்தக் காரியத்தைத் தொட்டாலும் அது மனையில் போய் முட்டியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னால், "ஆண்டை மனையை விட்டு எழுப்பிவிடுவார்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரச் சொன்னால் அதே பதில். பள்ளிக்கூடக் கொட்டகை போட ஒரு துண்டு இடம் கேட்டால், சேரியில் யாருக்கும் கொடுக்க இடமில்லை. உட்கார்ந்திருக்கிற இடமே அவர்களுடையதில்லையே.

அப்போதைய மிஷனரிகள் பலர் இந்த உலகக் காரியங்களில் கை வைக்கத் தயங்கினார்கள். நிலத் தகராறில் இறங்கினால் நிலத்துக்காகவே ஆள் சேருவார்கள், விசுவாசம் கெட்டுப்போகும் என்று பயம். ஆண்ட்ரூவும் கௌடியும் அந்தப் பயத்தைத் தாண்டினார்கள். சேரி மக்களின் தர்க்காஸ்து மனுக்களுக்குத் துணை நின்றார்கள். வருவாய்த்துறை விதிகளைக் கற்றார்கள். மிஷன் பத்திரிகைகளிலும் நாளேடுகளிலும் எழுதினார்கள், அரசுக்கு விண்ணப்பம் வைத்தார்கள். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் பசியாயிருந்தவன், அந்நியனாயிருந்தவன், காவலில் இருந்தவன் என்று சொல்லிக்கொண்டு போகிற இடத்தை ஒவ்வொரு போதகரும் பிரசங்கித்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு தாலுகா கச்சேரிக்கு நடந்தவர்கள் எங்கள் ஜில்லாவில் இந்த இரண்டு பேர். நான் அவர்களை மதிப்பது அதற்காகத்தான்.

தர்க்காஸ்து மனு எப்படிச் செத்துப்போகும் என்று துறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும். மனு தாசில்தாரிடம் போகும். அங்கிருந்து கிராமத்துக்கு, கர்ணத்தின் அறிக்கைக்கு வரும். கர்ணமும் மணியக்காரரும் யார்? மிராசுதாரின் உறவாக இருப்பார்கள், இல்லையென்றால் அவர் தயவில் இருப்பார்கள். சர்வே எண்ணை மாற்றி எழுதலாம். கேட்ட நிலம் மேய்ச்சலுக்கு வேண்டியது, ஏரி நீர்ப்பிடிப்பு, சுடுகாட்டுப் பாதை என்று ஒரு வரி சேர்க்கலாம். அறிவிப்பைச் சாவடியில் ஒட்டினேன், ஆட்சேபணை வந்தது என்று எழுதலாம். அந்தச் சாவடித் திண்ணையை மனுதாரன் மிதிக்கவே முடியாது, அறிவிப்பை எங்கே படிப்பான்? மிதித்தாலும் எழுத்து தெரியாது. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கூட வந்து, "என்ன காரணத்துக்காகத் தள்ளினீர்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டபோதுதான் அந்தக் கோப்புகள் முதன்முதலாகக் கலெக்டர் மேசைக்குப் போயின.

அந்த மேசையில் அப்போது உட்கார்ந்திருந்தவர் ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர். 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். ஜில்லா மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இருந்த மக்களின் உணவு, கூலி, கடன், குடிசை என்று ஒன்றுவிடாமல் எழுதினார். படியாட்கள் கைரேகை வைத்துக்கொடுத்த அடிமைச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். சேரி மனை அதில் குடியிருப்பவனுக்குச் சொந்தமாக வேண்டும், தரிசு நிலத்தை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும், பள்ளிகள் வேண்டும், ஆளைக் கட்டிவைக்கும் சீட்டுகள் செல்லாமல் போக வேண்டும் என்று கேட்டார். ஓர் அதிகாரி தன் மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதிய எழுத்து அது.

பிடிக்கத்தான் இல்லை. 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தபோது அவர் கேட்டதில் பெரும்பகுதியை அரசு ஏற்கவில்லை. அடிமை முறை என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கித் தரலாம் என்ற வாசல் அந்த ஆணையில் திறந்தது. இன்றைக்கு நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பின்னால் வந்த விதிகளில், ஒப்படை பெற்றவர் முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற நிபந்தனைகள் சேர்ந்தன.

இதைப் பாதிரியார்களும் கலெக்டரும் கொடுத்த கொடையாக மட்டும் சொல்லிவிட்டால் பாதி வரலாறு போய்விடும். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். மிஷன் நிழலில் நில்லாமல் எங்கள் மக்களின் குறையை எங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நின்றவர். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன எங்கள் ஜில்லாக்காரர். மனுவில் கைநாட்டு வைத்த ஒவ்வொரு படியாளும் அந்தக் கைநாட்டுக்காக மனையை இழக்கத் துணிந்தவன். ஆண்ட்ரூவுக்குப் போக பங்களா இருந்தது, படியாளுக்கு அது இல்லை.

ஆண்ட்ரூ இன்னொன்றும் செய்தார். மிராசுதார் மனையை விட்டு மக்கள் வெளியே வர வேண்டுமானால் புதிதாக ஊரே வேண்டும் என்று கண்டு, மிஷன் முன்னின்று நிலம் பெற்று, சேரிக் குடும்பங்களைக் குடியமர்த்தினார். ஆண்ட்ரேயபுரம், மெல்ரோசாபுரம் என்று பெயர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்கள் பேருந்துப் பலகையில் மெல்ரோசாபுரத்தைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் இப்போது கார் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும். அந்தப் பெயரில் ஒரு ஸ்காட்லாந்து ஊர் இருக்கிறது என்று தெரியாமலே அதை வாயில் போட்டு நம்மூர்ப் பெயராக மென்றுவிட்டார்கள். தரிசைத் திருத்திக் கிணறு வெட்டி, பள்ளியும் ஆலயமும் கட்டி, படியாளாகவே இருந்தவர்கள் தங்களுக்கென்று ஏர் பூட்டிய இடம் அது. இத்தகைய குடியேற்றங்களைப் பற்றி நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பட்டா யார் பெயரில் இருந்தது? மிஷன் பெயரிலோ சபையின் பெயரிலோ பட்டா இருந்து குடியானவன் அனுபவத்தில் மட்டும் இருந்தால், ஆண்டை நல்லவராக மாறினார் என்றுதான் அதற்கு அர்த்தம். நல்லவர் போன பிறகு வருகிறவர் எப்படியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் சபைச் சொத்துகளுக்கு என்னவாயிற்று என்று நம் எல்லோருக்கும் தெரியும். உதவி செய்கிறவர் தன் பெயரை ஆவணத்திலிருந்து எடுத்துவிடுகிற நாள்தான் உதவி முழுமையாகிற நாள் என்று நான் நினைக்கிறேன்.

இதே மிஷன் 1925இல் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பை நடத்தத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு வரை ஆளுநராக இருந்தவரின் மனைவி வில்லிங்டன் சீமாட்டி பெயரில். ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அங்கே சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது உலகம் முழுக்கத் தொழுநோய் சிகிச்சையை மாற்றியது. 1955இல் மத்திய அரசு அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. ஊர் தன் மனையை விட்டு எழுப்பிவிட்டவர்களுக்கு ஒரு மனை: அங்கேயும் அடிப்படை அதுதான்.

1891இல் ட்ரெமென்ஹீர் கேட்ட மனைக்கு வருகிறேன். 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி வந்து, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகச் சேரிக்காரர்களுக்கு மனை வாங்கித் தந்தார்கள். அது கொஞ்சம் பேருக்கு. விவசாயத் தொழிலாளி தான் குடியிருக்கிற, பிறருக்குச் சொந்தமான மனை இனி அவனுக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1971இல். குடியிருப்புச் சட்டம் என்பார்கள். எண்பது ஆண்டு. பாட்டி அப்போது இருந்தாள். எங்கள் அப்பா படித்துச் சொன்னதும் அவள் கேட்டது நினைவிருக்கிறது: "அப்போ நாம வூட்டப் பிரிச்சினு போவ வேணாமா?" அடுத்த மழைக்குள் அப்பா கூரையைப் பிரித்துச் செங்கல் சுவர் எழுப்பினார். அதுவரை எங்கள் தெருவில் யாரும் செங்கல் வைக்கவில்லை. காசில்லாமல் மட்டுமில்லை, அடுத்தவன் மண்ணில் செங்கல்லைப் போட்டு என்ன பயன்?

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதனால்தான் என்னைப்போல் சேரியிலிருந்து வந்தவன் தேர்வெழுதி கிராமக் கணக்கைக் கையில் எடுக்க முடிந்தது. 'அ' பதிவேட்டை முதல் தடவை திறந்தபோது நான் கடைசிப் பத்தியைத்தான் பார்த்தேன். சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் தாண்டிக் குறிப்பு என்ற பத்தி வரும். பழைய பதிவேட்டில் அங்கே சிவப்பு மையில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து இருக்கும். தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு ஒப்படைத்தது என்று அர்த்தம். அதே சர்வே எண்ணைப் புதிய பதிவேட்டில் எடுத்துப் பார்த்தால் பெயர் வேறாக இருக்கும், குறிப்புப் பத்தி வெள்ளையாக இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்கிறதில், அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயரை ஏற்றிக்கொண்டே போனார்கள். பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்து காணாமல் போனது என்பது துறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருபது மூட்டை நெல்லுக்கும் ஒரு கல்யாணக் கடனுக்கும் கைமாறிய நிலங்கள் அவை.

வேதத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையை எங்கள் பக்கத்துச் சபையில் படித்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ராஜா தன் அரண்மனையை ஒட்டிய நிலத்தைக் கேட்கிறான். இது பிதாக்களின் சுதந்தரம், தர மாட்டேன் என்கிறான் நாபோத். ராணி ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, பொய்ச் சாட்சி வைத்து அவனைக் கொன்று நிலத்தை எடுக்கிறாள். முத்திரை, கடிதம், இரண்டு சாட்சி: ஆவணம் எப்படித் தயாராகிறது என்று வேதம் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! கடவுள் எலியாவை அனுப்பியது கொல்லப்பட்டவனுக்கு அஞ்சலி செலுத்த அல்ல, அந்தத் தோட்டத்திலேயே நிற்கிற ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்க. அயலானைக் கவனிப்பது என்றால் காயத்துக்குக் கட்டுப் போடுவது என்று மட்டும் படித்துவிட்டு நாபோத்தைத் தாண்டிப் போகிற பிரசங்கம் எனக்குப் போதவில்லை.

எங்கள் ஜில்லாவிலும் அது நடந்தது. மாமல்லபுரம் பக்கம் காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு மக்கள் திரண்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், ஒருவர் பெயர் இந்துப் பெயர். கேட்ட நிலம் ஒன்று. அந்த வாரம் நான் பணியில் இருந்தேன், அலுவலகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. எங்கள் சபையில் அந்த ஞாயிறு இரண்டு பெயரையும் சொல்லி ஜெபித்தார்கள்.

எங்கள் வீடுகளில் பிடியரிசி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். கூலி வேலை செய்கிற பெண்கள்தான் அதிகம் கொண்டுவருவார்கள். விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் போகும். அதில் கைவைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இரவு பசிக்கு இரவுதான் சோறு வேண்டும், பட்டா வரும்வரை வயிறு பொறுக்காது. ஆனால் அந்தப் பிடியரிசியை வாங்குகிறவர்கள் யார் என்று சில வருஷத்துக்கு முன் உட்கார்ந்து பார்த்தபோது, பாதிப் பேர் எங்கள் சபையாரே இல்லை. ஏரிக்கரைப் புறம்போக்கில் தார்ப்பாய் கட்டியிருக்கிற இருளர் குடும்பங்கள்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் செய்தித்தாளில் வந்தது. என் பாட்டியின் அப்பா கைரேகை வைத்த காலத்துக்கும் அந்தப் படத்துக்கும் நூற்றுமுப்பது ஆண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே 1976இல் வந்துவிட்டது. இவர்களும் சில ஆயிரம் முன்பணத்துக்குப் போனவர்கள்தான். போகக் காரணம், நிற்க ஓர் இடம் இல்லாதது. செங்கல் சூளைக்காரரோ ரைஸ்மில்காரரோ கொட்டகை தருகிறேன் என்கிறார். கொட்டகையோடு சேர்த்து ஆளும் அவருடையவன் ஆகிவிடுகிறான். ட்ரெமென்ஹீர் எழுதியதை அப்படியே எடுத்துப் படித்தால் இவர்களைப் பற்றி எழுதியதுபோல் இருக்கும்.

எங்கள் சபையில் இதைச் சொன்னேன். "அவங்க நம்ம ஜனமும் இல்ல, நம்ம சபையும் இல்லியே சார்" என்றார் ஒரு பெரியவர், குத்தலாக இல்லை, உண்மையான சந்தேகமாகவே. ஆண்ட்ரூவுக்கு நம் தாத்தாக்கள் என்ன ஜனம் ஐயா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார்.

வேலை வரிசையாக நடக்கிறது. முதலில் ஆதார், அதற்கு முகவரி வேண்டும், முகவரிக்கு மனை வேண்டும், மனை கேட்டு மனுக் கொடுக்க ஆதார் வேண்டும். இந்தச் சுற்றை உடைக்க ஊராட்சித் தலைவர் கடிதமும் பள்ளித் தலைமையாசிரியை கொடுத்த பிள்ளைகளின் சேர்க்கைச் சான்றும் உதவின. பழங்குடிச் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் விசாரணை. அதன் பிறகு இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு விண்ணப்பம். ஏரிப் புறம்போக்கில் பட்டா தர முடியாது என்பதால் மாற்று இடத்தின் சர்வே எண்ணை நாங்களே 'அ' பதிவேட்டில் தேடி, ஆட்சேபணையற்ற நத்தம் என்று குறித்து இணைத்தோம். மனுவை எழுதுவது எங்கள் சபையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள். எழுதி முடித்ததும் மனுதாரருக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். ஞானஸ்நானம் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது முதல் நாளே போதகர் போட்ட கட்டளை.

சென்ற ஜமாபந்தியில் மனுக்களைக் கொடுத்தோம். நில அளவர் வந்து சங்கிலி போட்டுக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. வாரத்துக்கு ஒருவராக வட்ட அலுவலகம் போய்க் கேட்டு வருகிறோம். சபையின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ வேண்டாம், ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணின் பெயரிலும் தனித்தனியாக வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.